டூ-வீல் டிரைவ் தார் மணல் மேட்டில் ஏறுமா? பெரிய அலாய் வேண்டாம்... முதல் வேலை காற்றைக் குறைப்பதுதான்!

ஈரோடு பெருந்துறை ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று பார்த்தால் போதும். கறுப்பு தார், சிவப்பு தார், வெள்ளை தார் என்று வரிசையாகப் போகும். அதில் எத்தனை வண்டி 4×4, எத்தனை வண்டி டூ-வீல் டிரைவ் என்று வெளியே இருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. பெரிய டயர், உயரம், முன்பக்கம் கம்பி எல்லாமே ஒரே மாதிரிதான். வித்தியாசம் தெரிவது மணலில் இறங்கிய பிறகுதான்.

2023 ஜனவரியில் மஹிந்திரா நிறுவனம் தாரின் ரியர் வீல் டிரைவ் மாடலை 9.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் (எக்ஸ்-ஷோரூம்) இறக்கியது. 4×4-ஐ விட லட்சக்கணக்கில் விலை குறைவு என்பதால், 'லுக் அதேதான், நமக்கு எதுக்கு 4×4' என்று வாங்கியவர்கள் ஏராளம். 2024 ஆகஸ்ட்டில் வந்த தார் ராக்ஸிலும் பெட்ரோல் மாடல் ரியர் வீல் டிரைவில்தான் வந்தது.

வாங்கிய கொஞ்ச நாளில் அடுத்த ஆசை வரும். வொர்க் ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏனுங்ணா, இதை மணல் மேட்டுல ஏத்தற மாதிரி பண்ணிக் குடுக்க முடியுங்களா?" என்ற கேள்வியும் வரும். லிஃப்ட் கிட், 20 இன்ச் அலாய், ஸ்டீல் பம்பர், வின்ச் என்று பில் லட்சத்தைத் தாண்டும். ஆனால் இதில் பாதிக்கு மேல் மணலில் உதவாது. சில பொருட்கள் வண்டியை இன்னும் சீக்கிரம் புதைக்கும். சில, இன்ஷூரன்ஸ் கிளைமையே காலி பண்ணும்.

டூ-வீல் டிரைவ் வண்டி மணலில் ஓட உண்மையில் என்ன மாற்ற வேண்டும்? எதை மாற்றவே கூடாது? பார்ப்போம்.

முதலில், டூ-வீல் டிரைவ் மணலில் ஓடுமா?

ஓடும். அதுவும் உலகத்திலேயே கடினமான பாலைவன ரேஸில் ஜெயிக்கிற அளவுக்கு ஓடும்.

டக்கார் ராலியில் பிரான்ஸைச் சேர்ந்த ஜான் லூயி ஷ்லெஸ்ஸர் 1999, 2000 என இரண்டு முறை கார் பிரிவில் முதலிடம் பிடித்தார். அவர் ஓட்டியது டூ-வீல் டிரைவ் பக்கி. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த பெஜோ கார்கள், 2020, 2021-ல் ஜெயித்த மினி பக்கி ஆகியவையும் டூ-வீல் டிரைவ்தான். ஆக, 2016 முதல் 2021 வரை நடந்த ஆறு போட்டிகளில் ஐந்தில் பட்டம் டூ-வீல் டிரைவுக்கே போனது.

எப்படி? அந்தக் கார்கள் 4×4 போட்டியாளர்களை விட எடை குறைவு. டயர் பெரியது. சஸ்பென்ஷன் அதிக நீளத்துக்கு மேலும் கீழும் போய்வர விதிகள் அனுமதித்தன. எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. 'இது நியாயமா?' என்று 4×4 டீம்கள் பல வருஷம் புலம்பின. பிறகு விதிகளே மாற்றப்பட்டு, 2022 முதல் 4×4 கார்களுக்கும் பெரிய டயர் கிடைத்தது.

இதற்கெல்லாம் முன்னோடி, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1964-ல் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய 'மேயர்ஸ் மேங்க்ஸ்' டூன் பக்கி. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் கனமான பாடியைக் கழற்றிவிட்டு, ஃபைபர் கிளாஸ் தொட்டி மாதிரி ஒரு பாடியை வைத்தார். அவ்வளவுதான். பீட்டிலில் இன்ஜினும் பின்னால், டிரைவும் பின்னால். ஓடுகிற வீல் மேலேயே எடை உட்கார்ந்திருந்ததால் மணல் மேட்டில் அது ஏறியது. 1967-ல் மெக்ஸிகோவின் பாஹா பகுதியைக் கடக்க மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சாதனையை அந்தக் குட்டி வண்டி முறியடித்தது.

இந்த எல்லா வண்டிகளுக்கும் பொதுவான சூத்திரம் மூன்று: எடையைக் குறை, டயர் தரையில் படும் பரப்பைக் கூட்டு, ஓடுகிற வீலுக்கு மேல் எடையை வை. ஊரில் நடக்கும் மாடிஃபிகேஷன் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

மணலில் வண்டி ஏன் மாட்டிக்கொள்கிறது?

மணலில் முன்னால் உள்ள வீல், மணலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். 4×4 வண்டியில் நான்கு வீலும் தள்ளும். ரியர் வீல் டிரைவில் பின்னால் உள்ள இரண்டு மட்டுமே தள்ளும்; முன்னால் உள்ள இரண்டும் மணலைக் குவித்துக்கொண்டு தடையாக நிற்கும். டயர் புதையப் புதைய அந்தத் தடை கூடும். ஒரு கட்டத்தில் பின் வீல் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் குழி தோண்டும். ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிட்டால், கதை முடிந்தது.

இன்னொரு சிக்கல் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது இரண்டு பின் வீலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட அமைப்பு இது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல், மேட்டை விட்டுப் பள்ளத்துக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. எந்த வீலுக்குப் பிடிமானம் இல்லையோ, சுற்றுவதெல்லாம் அங்கேதான் போகும். ஒரு வீல் வெறுமனே சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். பெயருக்கு டூ-வீல் டிரைவ். அந்த நேரத்தில் அது ஒன்-வீல் டிரைவ்.

முன் வீல் டிரைவ் கார்களின் நிலைமை இன்னும் மோசம். மேடு ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். தள்ள வேண்டிய முன் வீல் லேசாகி, பிடிமானம் போய்விடும். எஸ்.யூ.வி. என்ற பெயரில் விற்கும் பல வண்டிகள் இந்த ரகம். ரியர் வீல் டிரைவுக்கு அந்தச் சாய்வு சாதகம்.

கோபி விவசாயிக்குத் தெரிந்த டெக்னிக்

இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல் வயலில் சேறு உழும் டூ-வீல் டிரைவ் டிராக்டரைக் கவனித்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

ஓடுகிற பின் டயர் பெரியது. எடை பின்னால். பிடிமானம் பத்தாவிட்டால் டயருக்குள் தண்ணீர் நிரப்புவார்கள், வீலில் இரும்பு வெயிட் மாட்டுவார்கள், சேற்றில் கேஜ் வீல் போடுவார்கள். பிரேக் பெடல் இடது, வலது என இரண்டு. வயலில் திரும்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழலும். ஒரு வீல் மட்டும் வழுக்கினால், அந்தப் பக்க பிரேக்கை மிதித்தால் இழுவை அடுத்த வீலுக்குப் போகும். அதுவும் பத்தாவிட்டால் காலடியில் டிஃப் லாக் பெடல்.

இதே வேலையைத்தான் நவீன வண்டிகளில் கம்ப்யூட்டர் செய்கிறது. சுற்றுகிற வீலை மட்டும் தானாகப் பிரேக் பிடித்து, சக்தியை அடுத்த பக்கம் அனுப்புகிறது. 'பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல்' என்று பிரோஷரில் போட்டிருப்பது இதுதான். இன்னொரு வகை, இரண்டு வீலுக்கும் வேக வித்தியாசம் அதிகமானால் தானாகவே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல். பொலேரோ நியோவின் உயர் வேரியண்டான என்10 (ஓ)-வில் இது கம்பெனியிலேயே வருகிறது. 4×4 இல்லாத வண்டிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. எந்த வேரியண்டில் எந்த டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று புக் பண்ணும் முன்பே கேட்டுவிட வேண்டும். பின்னாளில் வெளியே மாட்டுவது செலவும் ஜாஸ்தி, சட்டச் சிக்கலும் ஜாஸ்தி.

காற்று: செலவே இல்லாத மாடிஃபிகேஷன்

ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்குச் சுமார் 425 கிலோ, அதாவது 937 பவுண்டு. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் படும் பரப்பு சுமார் 29 சதுர அங்குலம். காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், அதே எடைக்குப் பரப்பு சுமார் 58 சதுர அங்குலம். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆனால் விஷயம் இதுதான்: காற்று பாதியானால் கால்தடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

டயர் பக்கவாட்டில் பிதுங்குவதை விட, முன்னும் பின்னும்தான் அதிகம் நீளும். புல்டோசர் செயின் மாதிரி தடம் நீளமாகும். வண்டி மணலை வெட்டாமல், மேலே மிதந்து போகும்.

பொதுவாக மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. சரியான தொடக்கம். மாட்டிக்கொண்டால் இன்னும் ஒன்றிரண்டு குறைக்கலாம். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்று குறைவாக இருக்கும்போது வேகம் குறைவாக இருக்க வேண்டும், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது.

பெரிய அலாய் ஏன் செட் ஆகாது?

இங்கேதான் ஊர் மாடிஃபிகேஷன் கவிழ்கிறது. ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் மெலியும். மெலிந்த சுவருக்குக் காற்றைக் குறைத்தாலும் தடம் நீளாது. கல்லில் பட்டால் ரிம்தான் அடி வாங்கும். மணலுக்கு வேண்டியது சின்ன ரிம், உயரமான டயர் சுவர். அதாவது, டாப் வேரியண்ட் அலாயை விட பேஸ் வேரியண்டின் 16 இன்ச் ரிம் இந்த வேலைக்கு மேல்.

அதே மாதிரி, பெரிய கட்டை கட்டையாக இருக்கும் மட் டெரெய்ன் டயர் சேற்றுக்கானது. வறண்ட மணலில் அது மண்வெட்டி வேலை பார்க்கும். வழுவழுப்பான அல்லது மிதமான பட்டன் உள்ள ஆல் டெரெய்ன் டயர்தான் மணலுக்கு நல்லது.

ஸ்டீல் பம்பர், வின்ச், புல் பார் எல்லாம் முன்பக்கம் எடை ஏற்றும். ஏற்கெனவே மணலைத் தள்ளத் திணறும் முன் வீலை இன்னும் அழுத்தும். ரூஃப் கேரியரில் ஜெர்ரி கேன், ஸ்பேர் வீல் எல்லாம் ஏற்றினால், சாய்வில் வண்டி உருளும் வாய்ப்பு கூடும். லிஃப்ட் கிட்டும் அப்படித்தான். தாருக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் மணலுக்குத் தாராளம்.

அப்போ காசை எதில் போடலாம்?

முக்கியத்துவ வரிசைப்படி:

1. டயர் பிரஷர் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரஸர். குறைத்த காற்றைத் திரும்ப நிரப்ப வழி இல்லாமல் குறைக்கவே கூடாது.

2. நீள மண்வெட்டி, டிராக்ஷன் போர்டு இரண்டு. போர்டு இல்லாவிட்டால் தடிமனான தென்னை நார் மிதியடி, சாக்கு கூட ஓரளவு உதவும். வீட்டில் இருக்கும் பவானி ஜமக்காளத்தை எடுத்துப் போய்விட வேண்டாம், வீட்டில் பதில் சொல்ல முடியாது.

3. எடைக்குத் தகுந்த இழுவைக் கயிறு, ஷேக்கிள். கம்பெனி கொடுத்த டோ ஹூக்கில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ, டிரெய்லர் உருண்டையிலோ மாட்டி இழுத்தால், அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறக்கும். கயிறு இழுபடும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

4. நல்ல ஆல் டெரெய்ன் டயர், கம்பெனி அனுமதித்த அளவில்.

5. ஏர் ஃபில்டர், கூலன்ட், கிளட்ச் செக்கப். மணலில் இன்ஜின் அதிக ஆர்.பி.எம்.மில் மெதுவாக ஓடும். சூடு ஏறும். மேனுவல் வண்டியில் அரை கிளட்ச் பிடித்து வெளியே எடுக்கப் பார்த்தால், மணலில் இருந்து வண்டி வருமோ இல்லையோ, கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வந்துவிடும். டூ-வீல் டிரைவில் 'லோ ரேஞ்ச்' கியர் இல்லை என்பதால் இந்த ஆபத்து அதிகம்.

6. இத்தனைக்கும் பிறகு காசு மிச்சம் இருந்தால், நல்ல ஷாக் அப்சார்பர்.

ஓட்டும் முறையும் ஒரு மாடிஃபிகேஷன்தான். மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும்; குறுக்கே போனால் உருளும். கீழேயே வேகம் எடுத்து, உச்சி வரும்போது ஆக்ஸிலரேட்டரை விட வேண்டும். காற்று குவித்த மணல் மேட்டின் மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருக்கலாம். அங்கே என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்க்காமல் தாண்டக் கூடாது. வேகம் செத்துவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல், வீல் சுற்றும் முன்பே நிறுத்தி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். சக்தியை வெட்டிவிடும் டிராக்ஷன் கன்ட்ரோலை மணலில் ஆஃப் செய்துகொள்ளலாம். அதிகாலையில் ஈரப்பதம் இருக்கும் மணல் கெட்டியாக இருக்கும். தனி வண்டியாகப் போகவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பக்க புல் பார், கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது ஏர்பேக் சென்சார் சரியாக வேலை செய்யாமல் போகலாம், பாதசாரிகளுக்கும் ஆபத்து என்பது காரணம்.

டயரைப் பொறுத்தவரை, அதே மாடலின் உயர் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு.

பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். செய்த மாற்றத்தை நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்தால், விபத்து நேரத்தில் கிளைம் மறுக்கப்படலாம். ரேஸ், வேகப் போட்டி போன்றவற்றில் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரண கார் பாலிசி பொருந்தாது. பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டும் வண்டி மேட்டில் உருண்டால், முழுச் செலவும் கையை விட்டுத்தான் போகும்.

எங்கே ஓட்டுவது?

தமிழ்நாட்டில் மணல் மேடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஈரோட்டிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, திருச்செந்தூர் பக்கம் இருக்கும் தேரிக்காடு. கண்ணுக்கு எட்டும் வரை செம்மணல், நடுவே பனையும் முந்திரியும். ரீல்ஸில் பார்த்தால் பாலைவனம் மாதிரியே இருக்கும்.

ஆனால் அது யாரும் வண்டி ஏற்றும் காலி நிலம் அல்ல. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் அது. இரும்பு ஆக்சைடு பூசியதால் சிவப்பு. அந்த மணல் நகர்ந்து ஊருக்குள் வராமல் பிடித்து வைத்திருப்பது மேலே இருக்கும் மரமும் புதரும் வேரும்தான். டயர் தடம் அதைத்தான் முதலில் கிழிக்கும். தேரிகளில் கற்கால மனிதர்களின் நுண்கற்கருவிகள் கிடைத்தது பற்றி சாய்னர், பிரிஜெட் ஆல்சின் ஆகிய ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு மக்கள் குலதெய்வம் கும்பிட வரும் இடமும் அதுதான்.

கடற்கரை மணல் மேடுகளும் அப்படியே. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல் மேடுகள் உச்சபட்சப் பாதுகாப்பு உள்ள பிரிவில் வருகின்றன. ஜனவரி தொடங்கிச் சில மாதங்கள் தமிழகக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம் வேறு. 'அப்ப நம்ம காவிரி மணலே போதும்' என்று கொடுமுடிப் பக்கம் ஆற்றில் இறக்குவதும் வேலைக்கு ஆகாது. ஆற்றுப் படுகையில் எங்கே பள்ளம் என்று தெரியாது, அணையில் தண்ணீர் திறந்தால் நேரமும் கிடைக்காது.

மிச்சம் இருப்பவை: உரிமையாளர் அனுமதி தந்த பட்டா நிலம், முறையான அனுமதியோடு நடக்கும் ஆஃப்-ரோடு நிகழ்ச்சிகள், ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் அனுமதி உள்ள இடங்கள். துபாயில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால், அங்கே போகும்போது பயிற்சியாளரோடு ஒரு காலை நேரம் ஓட்டிப் பார்ப்பது, இங்கே லட்சம் செலவழிப்பதை விட அதிகம் கற்றுத் தரும்.

திரும்பி வரும்போது மறக்கக் கூடாதது

மணல் சாகசத்தின் ஆபத்தான பகுதி பல நேரம் மணலில் இல்லை. முடித்துவிட்ட சந்தோஷத்தில், 16 பி.எஸ்.ஐ. காற்றோடே ஹைவேயில் ஏறி நூறில் விரட்டும்போதுதான் இருக்கிறது. காற்று குறைந்த டயர் தார் ரோட்டில் மடங்கி மடங்கிச் சூடாகும். பக்கச் சுவர் உள்ளுக்குள் நைந்து, திடீரென்று வெடிக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நான்கு நண்பர்கள், சில நேரம் குடும்பம்.

அதனால் மணலை விட்டு ரோட்டில் ஏறும் இடத்திலேயே கம்ப்ரஸரை எடுத்து, ஸ்பேர் வீல் உட்பட எல்லா டயருக்கும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட ஆகலாம். பிறகு பக்கச் சுவரில் வெட்டோ வீக்கமோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, வீல் நட்டையும் ஒருமுறை செக் பண்ணிவிட்டு ஈரோட்டுக்கு வண்டியை எடுக்கலாம்.